ஏழுமலை முகக்கவசத்தை ஏன் இறக்கினார்?

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் புகைப்படக்காரர் வேலை. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் தவறு என்னுடையது, அலுவலகத்துடையது இல்லை.

"சார், பழைய கம்ப்யூட்டர்ல கொரோனா டைம் போட்டோவெல்லாம் தனியா எடுத்து வச்சிக்கிட்டிருக்கேன். ஒரு பெரியவர் மாஸ்க்கை இறக்கி விட்டுக்கிட்டு நிக்கிறாரு. கீழ நீங்க எழுதியிருக்கிற குறிப்பு போட்டோவவிடப் பெருசா இருக்கு. இதை வைக்கலாமா, வேணாமா?"

"வைம்மா. குறிப்புல ஒரு எழுத்துகூட வெட்டாத" என்றேன்.

"ஏன் சார்?"

போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எங்கெங்கோ போகிறது மனசு.

நான் வேலை பழகியது வேலூரில், திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால். ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருஷம் பிலிம் கழுவி, ஆசிட் பட்டு விரல் நகமெல்லாம் பழுப்பேறி, பிறகு அரசு வேலை கிடைத்து திருவண்ணாமலைக்கு வந்தேன். அப்போதெல்லாம் தீபத்தன்று மாலை மலையில் ஜோதி தெரிந்த கையோடு ரோலைச் சுருட்டி, கவரில் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சென்னை பஸ் கண்டக்டர் கையில் திணிக்க வேண்டும். அங்கே பத்திரிகை ஆள் காத்திருந்து வாங்கிக்கொள்வார். கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவதே பெரிய பாடு. ஒரு வருஷம் செருப்பு எங்கோ போய், வெறுங்காலோடு கவரைக் கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் பேர் வரவில்லை. எங்கள் வேலையில் எடுத்தவர் பேர் எப்போதும் வராது, அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கு முகமும் வேண்டாம், குரலும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அந்த ஓட்டம் இப்போதும் கனவில் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

குரல் வேண்டாம் என்று சொன்னேனே, அது பொய். ஜாஸ்தி பேசியது நான்தான். நலத்திட்ட உதவி வழங்கும் படம் என்றால் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கொடுப்பவர் முகம், வாங்குபவர் முகம், நடுவில் பொருள். மூன்றும் தெரியணும். வயதானவர்கள் வந்தால் நான் கூடுதலாக ஒன்று செய்வேன். "பெரியவரே, அப்டியே ரெண்டு கையும் கூப்புங்க. கொஞ்சம் குனிஞ்சி. ஆங், அதான்." அவர்களும் சொன்னபடி செய்வார்கள். கண்ணில் நீர் தளும்பினால் இன்னும் நல்லது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள். இருபத்தைந்து வருஷமாக எத்தனை பேரைக் கும்பிட வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதை நிறுத்தியவர் மேடம். எங்கள் அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்த அம்மா. குள்ளமாக இருப்பார், காட்டன் புடவை, காதில் செருகிய பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நான் பிரிண்டைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் இடது உள்ளங்கையால் படத்தை மூடிவிட்டுக் குறிப்பை மட்டும் படிப்பார். பிறகு குறிப்பை மூடிவிட்டுப் படத்தைப் பார்ப்பார். "ரெண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லுதா?" என்பார். அதோடு விட மாட்டார். பென்சிலின் பின்பக்கத்தால் படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகத் தொட்டுத் தொட்டு, "இவர் பேரு? இவங்க பேரு?" என்று கேட்பார். ஒரு பேர் தெரியவில்லை என்றாலும் படம் வெளியே போகாது. விசாரித்துக்கொண்டு வரவேண்டும். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். வெயிலில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒரு பேருக்காகத் திரும்பப் போயிருக்கிறேன்.

ஒரு முறை காது கேட்கும் கருவி வாங்கிய பெரியவர் ஒருவர் படம். கை கூப்பி, கண் கலங்கி, அருமையாக விழுந்திருந்தது. பெருமையோடு வைத்தேன். மேடம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவரா கும்பிட்டாரா, நீங்க கும்பிடச் சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன் மேடம்."

"கருவி மாட்டினதும் காது கேட்டுதான்னு விசாரிச்சீங்களா?"

நான் விசாரிக்கவில்லை. "சர்க்கார் குடுக்கறது அவருக்குச் சேர வேண்டியது. அதுக்கு எதுக்கு அழணும்? இனிமே யாரையும் கும்பிடச் சொல்லாதீங்க" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு விட்டேன். கும்பிடச் சொல்வதை மட்டும்தான் விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி நில்லுங்க, இப்படித் திரும்புங்க என்று ஆட்டிவைக்கிற பழக்கம் அப்படியேதான் இருந்தது.

கொரோனா வந்தபோது நான் ஓய்வு பெற வேண்டிய நேரம். ஓய்வு வயதை ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தவனை உட்கார் என்று சொல்லிவிட்ட மாதிரி. அதற்கும் செல்போனில் கிண்டல். "பெருசுங்க சீட்டை விட்டு எழுந்துக்கவே மாட்டாங்களா" என்று ஒரு படம் சுற்றியது. என் மகனே எனக்கு அனுப்பினான், சிரிக்கிற பொம்மை போட்டு. நானும் சிரித்தேன்.

அந்த மாதங்களில் போனைத் திறந்தால் வயதானவர்கள்தான். போலீஸ் டிரோனைப் பார்த்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாத்தா. சானிடைசரைத் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கித் தலையில் தடவிக்கொள்ளும் பாட்டி. பூமர் அங்கிள் என்று ஒரு பேர். 'வயசானவங்களுக்குத்தான் வரும், நமக்கு இன்னா' என்று ஒரு கூட்டம். இல்லாவிட்டால் சோகப் பாட்டுப் போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவி. முட்டாள், இல்லையென்றால் பாவம். இரண்டைத் தவிர வேறு வேஷமே அவர்களுக்குக் கிடையாது. இப்போது இப்படி நியாயம் பேசுகிறேன். அன்றைக்கு அந்தச் சானிடைசர் பாட்டியை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டது நான்தான். ஐம்பத்தெட்டு வயதில், நான் வேறு ஏதோ இனம் என்கிற நினைப்பு.

அப்போதுதான் அடி அண்ணாமலையில் ஒரு டெய்லர் முகக்கவசம் தைத்து இலவசமாகக் கொடுக்கிறார் என்று தகவல் வந்தது. பேர் ஏழுமலை, வயது எழுபத்து நாலு. பௌர்ணமிக்குக் கிரிவலம் நிறுத்தியிருந்தார்கள். லட்சம் கால் நடக்கிற பாதையில் நாய்கள் படுத்துக் கிடந்தன. நான் போனபோது அவர் வீட்டு வாசலில் கோலமாவால் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். என்னையும் ஒரு வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார். மீதமிருந்த பாப்ளின் துணியையெல்லாம் வெட்டி, மூன்று மடிப்பு வைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி அடுக்கியிருந்தார்.

"மூணு மடிப்பு இல்லன்னா இன்னா பிரயோஜனம் சார்? மாட்டிக்கினு ஊதினா எதிர்ல இருக்கிற மெழுகுவத்தி அணையக் கூடாது. நான் ஒண்ணொண்ணையும் ஊதிப் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். ஊதிட்டு மறுபடியும் கழுவிடறேன், அதுக்காகப் பயப்படாதீங்க."

முகக்கவசக் கட்டை ஏழுமலை, ஊராட்சியின் தூய்மைக் காவலர் கஸ்தூரியிடம் கொடுக்கிற மாதிரி படம். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கேமராவை எடுத்தேன். கண்தான் தெரிந்தது. கொடுப்பவர் முகம், வாங்குபவர் முகம் என்று கை பழகிப்போனவனுக்கு அது படமாகவே தோன்றவில்லை.

"ஒரு செகண்ட் மாஸ்க்கை இறக்குங்க. முகம் தெரியணும்."

"வேணாம் சார். யாராவது பாத்தா சத்தம் போடுவாங்க" என்று கஸ்தூரி மறுத்துவிட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார்.

"இறக்கித்தான் ஆவணுமா சார்?"

"ஒரே ஒரு நிமிஷம்தான் பெரியவரே."

இறக்கினார். கஸ்தூரி பாவம், பயந்து சற்றுப் பின்னால் சாய்ந்தார். "போதுமா சார்?" என்று ஏழுமலை கேட்டார். அந்த நொடியில் என் விரல் அமுக்கியது. உடனே மேலே ஏற்றிவிட்டார்.

அன்று இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது. குறிப்பு போகாமல் படம் போகக் கூடாது என்பது மேடம் வைத்த விதி. நான் ஜீப்பில் உட்கார்ந்தபடியே படத்தை மட்டும் பத்திரிகையாளர்கள் இருந்த குரூப்பில் போட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுதி அனுப்பலாம் என்று எண்ணம். அந்த குரூப்பில் பத்திரிகைக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்?

மறுநாள் காலை என் சகலை ஒரு படம் அனுப்பினார், எங்கள் குடும்ப குரூப்பில். ஏழுமலை. முகக்கவசக் கட்டு இருந்த பக்கம் வெட்டியிருந்தது. தாடையில் தொங்கும் துணி, திறந்த வாய், எதிரே பயந்து பின்னால் சாயும் பெண். பார்த்தால் வேலை செய்ய வந்தவளிடம் முகத்துக்கு நேராகக் கத்தும் கிழவர். மேலே கொட்டை எழுத்தில், 'சொன்னா கேக்காதுங்க பெருசுங்க. இதுங்களாலதான் நமக்கு லாக்டவுன்.' சகலை கீழே, 'எமன் எருமையோட வெயிட்டிங்' என்று எழுதியிருந்தார். என் மருமகள் கைதட்டல் போட்டிருந்தாள்.

மதியத்துக்குள் அது ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. சினிமா வசனம் சேர்த்து ஒன்று, பாட்டு சேர்த்து ஒன்று. 'கெழவனுக்குச் சாவு வந்தா நமக்கும் சேத்து வருது' என்று ஒருவர். அந்தப் படத்தில் இருந்தவர் ஒரு வாரமாக ஊருக்கே முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தவர்.

மேடம் கூப்பிட்டார். மேசையில் அந்த வெட்டிய படம் பிரிண்டாக இருந்தது. பென்சிலை எடுத்துப் படத்தில் இருந்த முகத்தைத் தொட்டார்.

"இவர் பேரு?"

"ஏழுமலை மேடம்."

"வாயைத் திறந்து இன்னா சொல்றாரு?"

"'போதுமா சார்'னு கேட்டாரு. நான்தான் இறக்கச் சொன்னேன்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அதை எழுதுங்க" என்றார்.

"மேடம், இன்னும் ஒரு வருஷத்துல நான் ரிட்டயர். மேல இருந்து மெமோ வந்துட்டா..."

"வந்தா நான் பேசிக்கறேன். வராதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க யோசிச்சு எழுதுங்க."

ஓய்வு பெறும் நேரத்தில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற விட மாட்டார்கள், பென்ஷனும் நின்றுவிடும். எத்தனை பேர் அப்படி வருஷக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றேன். பிறகு எழுதினேன். அதுதான் திவ்யா பார்த்த குறிப்பு. 'தைத்த முகக்கவசங்களைத் தூய்மைக் காவலரிடம் வழங்குகிறார் டெய்லர் ஏழுமலை. படம் எடுத்தவர் கேட்டுக்கொண்டதால் மட்டுமே தம் முகக்கவசத்தை ஒரு கணம் இறக்கினார். அவருக்கு அதில் விருப்பம் இல்லை.' முழுப் படத்தோடு அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியிட்டோம். பதினோரு பேர் விருப்பம் போட்டார்கள், அதில் ஆறு பேர் எங்கள் அலுவலகத்தார். வெட்டிய படம் பாட்டுக்குத் தன் ஊர்வலத்தை நடத்திக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். வாசல் வட்டங்கள் அழிந்திருந்தன. தையல் மிஷினுக்குப் போர்வை போர்த்தியிருந்தது. ஏழுமலையின் மகன் சேகர் வாசலிலேயே மறித்துக்கொண்டான். காய்கறி வேன் ஓட்டுகிறவன்.

"நீங்கதானா அந்த ஆளு? கீழ்பென்னாத்தூர் மார்க்கெட்ல என்னை இன்னான்னு கூப்பிடறாங்க தெரியுமா? 'கொரோனா கெழவன் புள்ள.' அவரை வெளிய வராதன்னு சொல்லிட்டேன். வயசான காலத்துல இவருக்கு எதுக்கு இந்தச் சேவை?"

"சேகரு, அவரை உடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏழுமலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார், முகக்கவசத்தோடு. நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் மறுப்புப் போட்டிருப்பதைச் சொன்னேன். போனைக் காட்டினேன்.

"பையன் படிச்சிக் காட்டினான் சார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதை யார் படிக்கிறது? அந்தப் படத்தைப் பாத்தவங்க இந்தத் தெருவுல இருக்காங்க. நான் தச்ச மாஸ்க்கைத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போறாங்க. எச்சி பட்டிருக்குமாம். ஐம்பது வருஷமா இந்த ஊருக்குத் தைக்கிறேன். ரவிக்கை அளவு எடுக்கறதுக்குக்கூட ஒருத்தரும் என்னைத் தப்பாப் பாத்ததில்ல." போர்வை போர்த்திய மிஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தினம் மைக்கு கட்டிக்கினு ஆட்டோவுல போறீங்களே, கை கழுவுங்க, தள்ளி நில்லுங்கன்னு. அதுல வந்து சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

நான் மைக்கில் பேசியதே கிடையாது. பிள்ளைகள் கல்யாணத்தில்கூட நன்றி சொல்ல என் தம்பியைத்தான் விட்டேன். மேடத்திடம் போய்ச் சொன்னபோது, மறுத்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது.

"எழுதிக் கொண்டாங்க" என்றார்.

'தவறுதலாக இவ்வாறு நிகழ்ந்துவிட்டது, அதற்கு வருந்துகிறோம்' என்று எழுதிக்கொண்டு போனேன். மேடம் 'நிகழ்ந்துவிட்டது' என்பதை அடித்தார். 'வருந்துகிறோம்' என்பதையும் அடித்தார். "யார் செஞ்சது? யார் வருந்தறது? பேர் இல்லாம எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்" என்றார். அவர் இப்போது ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருக்கிறார். அந்த மேசை முன்னால் மறுபடி ஒரு தடவை திட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். மரியாதை என்று ஒன்று மனசுக்குள் வந்தது அவரிடம்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டோ கோயில் பக்கத்திலிருந்து கிளம்பியது. டிரைவர் மைக்கைத் துடைத்துக் கொடுத்தார். முதல் தெருவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார், வாய்கிட்ட வச்சி பேசுங்க" என்றார் டிரைவர்.

"அடி அண்ணாமலை பொதுமக்களுக்கு வணக்கம். நான் அரசாங்கத்துல போட்டோ எடுக்கறவன், பேரு மாணிக்கம். டெய்லர் ஏழுமலை அவர்கள் மாஸ்க் இல்லாம நிக்கிற படத்தை நீங்க போன்ல பாத்திருப்பீங்க. அவர் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் இருந்தார். இறக்கச் சொன்னது நான். வேணாமேன்னு பாத்தார், நான் கேக்கல. அவர் யாரையும் திட்டல. 'போதுமா சார்'னு என்னைத்தான் கேட்டார். தப்பு என்னுது."

கதவுகள் திறந்தன. ஓர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நெசமாவா?" என்றார். எதிர்வீட்டு ஆள், "இன்னொரு வாட்டி சொல்லுங்க, குக்கர் சத்தத்துல கேக்கல" என்றார். சொன்னேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். ஒரு வீட்டில் சிரித்தார்கள், "மாட்டிக்கினாரு போட்டோக்காரரு" என்று. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தெருவில் குரல் எழும்பிவிட்டது. தாளைப் பார்க்காமலே சொல்ல வந்தது. குளக்கரை மூலையில் சேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஆட்டோ போகிற வழியில் நின்ற தன் வேனை எடுத்து ஓரம் கட்டினான்.

ஏழு தெருவும் சுற்றி ஏழுமலை வீட்டுக்கு முன்னால் வந்து நிறுத்தினோம். தொண்டை கட்டிவிட்டது. அவர் படியிறங்கி வெளியே வந்து நின்றார். நல்லா சொன்னீங்க சார் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்றாவது.

"பள்ளிக்கூடத் தெருவை உட்டுட்டீங்க" என்றார்.

"அது சின்னச் சந்தாச்சே, ஆட்டோ திரும்பாதுன்னு..."

"என் பொண்ணைக் குடுத்திருக்கிற வீடு அங்கதான் சார் இருக்குது."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்துக்கொண்டேன். சந்தில் ஆட்டோ ரிவர்சில்தான் போக முடிந்தது. அந்தத் தெருவில் மட்டும் மூன்று தடவை சொன்னேன்.